மடிப்பு நூலும் அதன் அணிகளும்

நூல் என்றவுடன், ஒரு புறம் தைத்து அட்டை கட்டப்பட்டு, மறுபுறம் ஏடு ஏடாகப் புரளும் பொருளே பலருடைய நினைவுக்கு வரும். ஆயின், உலகில் எழுதப்பட்ட நூல்கள் யாவும் இவ்வடிவில் அமைந்தவை அல்ல. நம் முன்னோர் பனையோலையைப் பதப்படுத்தி, ஓரளவாக நறுக்கி, துளையிட்டுக் கயிறு கோத்துச் சுவடியாக்கினர். எகிப்தியர் நீர்நிலைகளில் வளரும் கோரையினத் தண்டிலிருந்து தாள் செய்து, அதனைப் பாய்போலச் சுருட்டி வைத்தனர். இவ்விரண்டிற்கும் வேறான வடிவம் ஒன்றும் உண்டு. அதுவே மடிப்பு நூல். நீண்ட தாள் ஒன்றை விசிறிபோல முன்னும் பின்னுமாக மடித்து அடுக்கினால் மடிப்பு நூல் பிறக்கிறது. அதற்குத் தையல் இல்லை, துளை இல்லை, கயிறும் இல்லை. மடிப்பே அதன் கட்டு.

இவ்வடிவத்தால் விளையும் நன்மைகள் சில. சுருள் நூலின் இறுதியில் உள்ள செய்தியைக் காண வேண்டுமாயின், முதலிலிருந்து கடைசி வரை அதனை விரித்தாக வேண்டும். மடிப்பு நூலிலோ வேண்டிய இடத்தில் விரலை நுழைத்து உடனே திறந்து படிக்கலாம். இரண்டு பக்கங்களை மட்டும் திறந்தால் அது நூலாகும். முழுவதையும் விரித்தால் அதுவே நீண்டதோர் ஓவியத் திரையாகும். முன்புறம் எழுதி முடித்தபின் நூலைத் திருப்பிப் பின்புறத்திலும் எழுதலாம். இவ்வாறு சுருளின் நீளத்தையும் ஏட்டின் எளிமையையும் ஒருங்கே கொண்டது மடிப்பு நூல்.

சீனத்திலும் சப்பானிலும் பௌத்த மறைநூல்கள் இவ்வடிவில் எழுதப்பட்டன, அச்சிடவும் பட்டன. பர்மாவில் இதனைப் 'பரபைக்' என்றனர். சுமத்திரைத் தீவில் வாழும் பதாக்கு மக்கள் மரப்பட்டையை மடித்து, மருத்துவமும் குறி சொல்லும் கலையும் எழுதி வைத்தனர். அந்நூல்களின் மர அட்டைகளில் பல்லியின் உருவத்தைச் செதுக்கினர். இந்நாடுகளோடு யாதொரு தொடர்பும் இன்றி, பெருங்கடலுக்கு அப்பால் மெக்சிக்கோ நாட்டிலும் இவ்வடிவம் தோன்றியது வியப்பிற்குரியது. அங்கு வாழ்ந்த மாயர்கள் அத்தி இன மரத்தின் பட்டையை அடித்துத் தாளாக்கி, அதன் மீது சுண்ணத்தைப் பூசி, வானநூற் கணக்குகளை வண்ணத்தில் எழுதினர். அவர்தம் நூல்களை 1562ஆம் ஆண்டில் மானி என்னும் ஊரில் இசுப்பானியப் பாதிரியார் ஒருவர் தீக்கிரையாக்கினார். இன்று எஞ்சியுள்ள மாயர் மடிப்பு நூல்கள் நான்கே. அவற்றுள் ஒன்று செருமனியில் உள்ள திரெசுடன் நகர நூலகத்தில் இருக்கிறது. 39 ஏடுகள் கொண்ட அந்நூலை முழுவதும் விரித்தால், அதன் நீளம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர் ஆகும்.

நூலை எழுதி முடித்தவுடன் அதனை அழகு செய்ய வேண்டும் என்னும் விருப்பம் எல்லா நாட்டவர்க்கும் இயல்பாக எழுந்தது. தாம் மதிக்கும் பொருளை அணி செய்து பார்ப்பது மக்கள் இயல்பன்றோ? ஆயின், மடிப்பு நூலை அணி செய்வது எளிய செயல் அன்று. சுவரில் மாட்டும் ஓவியத்தில் கல்லைப் பதிக்கலாம், கண்ணாடியைப் பதிக்கலாம், அது மாட்டிய இடத்திலேயே அசையாமல் இருக்கும். மடிப்பு நூலோ திறக்கப்படுவது, மூடப்படுவது, ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தின் மீது அழுந்திக் கிடப்பது. எட்டுப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்றிலும் 2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அணியை ஒட்டினால் என்ன ஆகும்? நூலை மூடும்போது நடுப்பகுதி 16 மில்லிமீட்டர் மிகுதியாகப் புடைத்து நிற்கும்; ஓரங்களோ மெலிந்து கிடக்கும். அட்டைகள் வாய் பிளக்கும். மடிப்புகள் இழுபட்டுக் கிழியும். நூலை அழகு செய்ய வந்த அணியே நூலை அழித்துவிடும்.

ஆகவே, மடிப்பு நூலை அணி செய்வோர் ஒரு கேள்விக்கு விடை கண்டாக வேண்டும். நூலின் இயக்கத்தைத் தடுக்காமல் அதற்கு அழகு சேர்ப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு மிக நேர்த்தியான விடை கண்டவர்கள் சயாம் நாட்டவர். இன்று தாய்லாந்து எனப்படும் அந்நாட்டில் மடிப்பு நூலுக்குச் 'சமுத் கோய்' என்பது பெயர். சமுத் என்றால் நூல். கோய் என்பது மரத்தின் பெயர். அம்மரம் தமிழகத்திற்குப் புதியது அன்று. பராய் என்றும் பிராய் என்றும் தமிழர் வழங்கும் மரமே அது. காவிரிக் கரையில் உள்ள திருப்பராய்த்துறை என்னும் ஊர் அம்மரத்தாலேயே பெயர் பெற்றது. அவ்வூர்க் கோயிலின் தலமரமும் பராயே. அதன் இலை உப்புத்தாள்போலச் சொரசொரப்பாக இருக்கும். தமிழகத்தில் ஊருக்குப் பெயர் தந்த அம்மரம், சயாமில் நூலுக்குப் பெயர் தந்தது.

பராய் மரத்தின் பட்டையிலிருந்து தாள் செய்யும் முறை உழைப்பு மிகுந்தது. கிளைகளிலிருந்து உரித்த பட்டையை முதலில் நீரில் ஊற வைப்பர். பின்னர்ச் சுண்ணாம்பு சேர்த்து அவிப்பர். சுண்ணாம்பு பட்டையில் உள்ள பசைப்பொருள்களைக் கரைத்து, நாரை மட்டும் எஞ்சச் செய்யும். அந்நாரை நன்கு அலசி, மரச் சம்மட்டியால் கூழாகும் வரை அடிப்பர். மரச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, அதனை நீரில் மிதக்க விட்டு, கூழை அதன் மீது சீராகப் பரப்புவர். சட்டத்தை மெல்லத் தூக்கினால் நீர் வடிந்துவிடும். நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் படலமாக நிற்கும். அதனை வெயிலில் உலர்த்தி உரித்தெடுத்தால் தாள் ஆகும்.

அத்தாளை அப்படியே எழுதப் பயன்படுத்துவது இல்லை. மாவுப்பசையை மெல்லப் பூசி உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். இதனால் தாளின் நுண்துளைகள் அடைபடும். மை ஊறிப் பரவாது. வெண்ணிற நூலுக்கு இத்துடன் பணி முடியும். கருநிற நூல் வேண்டுமாயின், கரிப்பொடியைப் பசையில் குழைத்துத் தாள் முழுவதும் பூசுவர். வெண்தாளில் கருமையால் எழுதுவர். கருந்தாளில் மாக்கல் எழுதுகோலாலோ, மஞ்சள் மையாலோ, பொன் மையாலோ எழுதுவர். அன்றாடக் கணக்குகளும் ஆணைகளும் கருந்தாளில் மாக்கல்லால் எழுதப்பட்டன. ஓவியம் தீட்டிய சிறந்த நூல்கள் பெரும்பாலும் வெண்தாளில் அமைந்தன.

பல தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டி நீளமாக்கிய பின்னர், அளவு பிறழாமல் மடிப்பர். பக்கங்கள் உயரம் குறைந்து அகலம் மிகுந்து இருக்கும். நூலை முன்னே கிடத்தி, பக்கங்களைக் கீழிருந்து மேல்நோக்கிப் புரட்டிப் படிப்பர். அணி வேலை எங்குத் தொடங்குகிறது என்பதை இங்கே கருத வேண்டும். எழுத்தின் வடிவிலேயே அது தொடங்குகிறது. பௌத்த நூல்களைப் பெரும்பாலும் 'கோம்' என்னும் எழுத்தில் எழுதினர். அது கம்போடியரின் கெமர் எழுத்திலிருந்து வந்தது. கெமர் எழுத்தோ தென்னிந்தியப் பல்லவர் எழுத்தின் வழி வந்தது. காஞ்சியில் வழங்கிய எழுத்தின் வழித்தோன்றல் ஒன்று கடல் கடந்து, சயாமிய மடிப்பு நூல்களில் அணி எழுத்தாய்த் திகழ்ந்தது என்பது தமிழ் மாணவர் அறியத்தக்கது.

எழுத்தைப் பக்கத்தின் நடுவில் அமைத்து, அதன் இடப்புறத்திலும் வலப்புறத்திலும் ஓவியங்களைத் தீட்டுவர். இவ்விரு ஓவியங்களும் இணையாக அமையும். ஒருபுறம் கைகூப்பிய வானவர் இருப்பின், மறுபுறமும் அவ்வாறே வானவர் இருப்பர். சிவப்புக்குச் சாதிலிங்கம், நீலத்திற்கு அவுரி, கருமைக்கு விளக்குப் புகைக்கரி, மஞ்சளுக்கு ஒருவகை மரத்தின் பிசின் ஆகியவற்றைப் பயன்படுத்தினர். அணிகலன், முடி, தேர், மாளிகை ஆகியன வரும் இடங்களில் தங்க ரேக்கை ஒட்டினர். தங்க ரேக்கு என்பது பொன்னை அடித்து அடித்து மெலிதாக்கிய தகடு. மூச்சுக் காற்றுப் பட்டாலும் பறந்துவிடும் அளவிற்கு அது மெல்லியது. இதனால் பக்கத்திற்கு ஒளி கூடுமேயன்றித் தடிப்புக் கூடாது. ஒளியைச் சேர்த்துக் கனத்தைச் சேர்க்காமை சயாமியக் கலைஞர் கண்ட விடையின் முதற்பகுதியாகும்.

விடையின் மறுபகுதி அட்டையில் இருக்கிறது. உள்ளே இருக்கும் பக்கங்கள் ஒன்றோடொன்று உரசுபவை. ஆகவே அங்கே மெல்லிய அணியே தகும். மேலட்டையும் கீழட்டையும் வெளியே இருப்பவை, கைபடுபவை. அங்கே உறுதியான அணி வேண்டும். அதற்குச் சயாமியர் மரப்பால் மெருகைப் பயன்படுத்தினர். இஃது அரக்குப் பூச்சி தரும் அரக்கு அன்று; காட்டு மரம் ஒன்றைக் கீறி வடித்தெடுக்கும் பால். பூசியவுடன் பிசுபிசுப்பாக இருக்கும் அப்பால், ஈரக்காற்றில் மெல்ல இறுகிக் கருங்கண்ணாடிபோல ஆகும். நீரோ பூச்சியோ அதனை எளிதில் ஊடுருவ முடியாது. ஒருமுறை பூசி, உலர்த்தி, தேய்த்து, மீண்டும் பூசிப் பல படலங்களாக அதனை ஏற்றுவர்.

அக்கரிய மெருகின் மீது பொற்கோலம் தீட்டும் முறை நுட்பமானது. அதற்கு 'லாய் ரொத் நாம்' என்று பெயர். நீர் வார்த்துப் பெற்ற கோலம் என்பது அதன் பொருள். கலைஞர் முதலில் கோலத்தின் வடிவை மெருகின் மீது குறித்துக்கொள்வார். பின்னர் அரிதாரப் பொடியைப் பிசின் நீரில் குழைத்து, எவ்விடம் கருமையாகவே இருக்க வேண்டுமோ அவ்விடத்தில் எல்லாம் அதனைத் தீட்டுவார். பொன்னாக வேண்டிய பூவும் கொடியும் தீட்டப்படாமல் விடப்படும். அடுத்து, அட்டை முழுவதும் மரப்பாலை மிக மெல்லியதாகத் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே தங்க ரேக்கை எங்கும் ஒட்டுவார். அப்போது அட்டை முழுவதும் பொன்மயமாகத் தோன்றும். கோலம் ஒன்றும் தெரியாது. பால் இறுகிய பின்னர், நீரை வார்த்து மெல்லத் தேய்ப்பார். பிசின் நீரில் ஊறிக் கரையும். அரிதாரம் பெயர்ந்து, தன் மீதிருந்த பொன்னையும் உடன்கொண்டு போகும். மரப்பாலின் மீது நேரே ஒட்டிய பொன் மட்டும் அசையாமல் நிற்கும். கரிய வானில் விண்மீன் பூத்ததுபோல, கொடியும் பூவும் ஒளி விட்டு வெளிப்படும். கலைஞர் தீட்டியது கருமையை, கிடைத்ததோ பொன்னோவியம்.

பர்மியர் அட்டை அணியில் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். மரப்பாலில் சாம்பலைச் சேர்த்துப் பிசைந்தால் களிமண்போன்ற பசை கிடைக்கும். அதனை நூல்போலத் திரித்து, அட்டையின் மீது கொடிகளாகவும் இதழ்களாகவும் புடைப்புருவில் ஒட்டினர். அவற்றிற்கு இடையே வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்து, எங்கும் தங்க ரேக்கை ஒட்டினர். தஞ்சாவூர் ஓவியத்தைக் கண்டோர்க்கு இம்முறை எளிதில் விளங்கும். அங்கும் பசையால் புடைப்பு எழுப்பி, கல்லைப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டுவது உண்டு. பர்மிய அரண்மனை நூல்களின் அட்டைகள் இவ்வாறு ஒளி வீசின. ஆயினும் அந்நூல்களைத் திறந்து பார்த்தால், உட்பக்கங்களில் புடைப்பு ஏதும் இராது. வண்ணமும் பொன்னும் மட்டுமே இருக்கும். உள்ளே மெல்லணி, வெளியே வல்லணி என்னும் விதியை அவர்களும் மறவாது போற்றினர்.

இத்துணை உழைப்பையும் பொன்னையும் ஒரு நூலுக்காகச் செலவிட்டது எதற்காக? சயாமில் 'பிர மாலை' என்னும் துறவியின் கதை மடிப்பு நூல்களில் மிகுதியாக எழுதப்பட்டது. அத்துறவி நரகத்திற்கும் வானுலகிற்கும் சென்று, அங்குக் கண்டவற்றை மக்களுக்கு உரைத்ததாகக் கதை கூறும். பெற்றோரையோ உற்றாரையோ இழந்தவர்கள், அவர்தம் நற்பேற்றிற்காக இந்நூலை எழுதுவித்துப் பௌத்த மடங்களுக்கு அளித்தனர். சாவு வீடுகளில் துறவியர் அதனை ஓதினர். எழுதுவித்தோர் பெயரையும் நாளையும் நூலின் இறுதியில் குறிப்பதும் உண்டு. ஆகவே, அந்நூல்களில் ஒளிரும் பொன் செல்வச் செருக்கைக் காட்டுவது அன்று. இறந்தவர்பால் இருந்தோர் கொண்ட அன்பைக் காட்டுவது. சமயக் கதைகளே அன்றி, யானைகளின் இலக்கணம், பூனைகளின் இலக்கணம், மருத்துவம், சோதிடம் முதலியனவும் ஓவியங்களோடு எழுதப்பட்டன.

இச்செல்வங்களுள் பல அழிந்துவிட்டன. 1767ஆம் ஆண்டில் பர்மியப் படை சயாமின் தலைநகராகிய அயுத்தியாவை எரித்தபோது, அங்கிருந்த நூல்கள் பெரும்பாலும் சாம்பலாயின. 1885ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் மாண்டலே நகரைக் கைப்பற்றியபோது, பர்மிய அரண்மனையின் நூல்கள் பலவும் அழிவிற்கும் சிதறலுக்கும் உள்ளாயின. பிறரது நூலை எரித்தவர்கள் தம் நூலையும் பிறரிடம் இழந்தனர் என்பது வரலாறு கூறும் கசப்பான பாடம். அச்சுப்பொறி பரவியபின், கையால் செய்யும் தாளுக்குத் தேவை குறைந்தது. பட்டையை அவித்துத் தாள் செய்வோரும் அருகினர். எஞ்சிய நூல்கள் பாங்காக்கில் உள்ள தாய்லாந்து தேசிய நூலகம், இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகம் முதலியவற்றில் காக்கப்படுகின்றன. அவற்றுள் பலவற்றின் பக்கங்களை இன்று இணையத்தின் வாயிலாக எவரும் காணலாம்.

பராய்ப்பட்டைத் தாள் கிடைக்காவிடினும், மடிப்பு நூலைச் செய்யும் முறை எவர்க்கும் எளியது. இன்றும் பல நாடுகளில் மாணவரும் கைவினைஞரும் தம் கையால் மடிப்பு நூல் செய்து, அதில் ஓவியமும் படமும் அமைத்து மகிழ்கின்றனர். அதன் செய்முறையிலும் அணி முறையிலும் மேற்கூறிய பழைய விதிகளே பயன்படுகின்றன.

சற்றுக் கனமான தாளில் 80 செ.மீ. நீளமும் 15 செ.மீ. அகலமும் உள்ள ஒரு பட்டையை எடுத்துக்கொள்ள வேண்டும். அத்துணை நீளம் கிடைக்காவிடின், இரு தாள்களை ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய இடம் பக்கத்தின் நடுவில் வாராமல் மடிப்பை அடுத்து வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். மடிக்கும் முன்னர்த் தாளின் நார்ப்போக்கை அறிய வேண்டும். ஆலையில் செய்யும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிந்திருக்கும். தாளை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்தால், ஒரு திசையில் எளிதாக வளையும். அவ்வாறு வளையும்போது உண்டாகும் மடிப்பு நார்ப்போக்கிற்கு இணையானது. மடிப்புகள் அத்திசையிலேயே விழுமாறு பட்டையை வெட்டினால், அவை நேராகவும் கூர்மையாகவும் அமையும். குறுக்கே மடித்த தாள் வெடிக்கும்.

ஒரு முனையிலிருந்து 10 செ.மீ. 10 செ.மீ.ஆக அளந்து மடித்துக்கொண்டு போவது நன்றன்று. ஒவ்வொரு மடிப்பிலும் நேரும் சிறு பிழை அடுத்த மடிப்போடு கூடிக் கூடிக் கடைசியில் பெரும் பிழையாகும். பட்டையை முதலில் சரிபாதியாக மடிக்க வேண்டும். பின்னர் ஒவ்வொரு பாதியையும் பாதியாக்கி, மீண்டும் ஒருமுறை பாதியாக்க வேண்டும். இவ்வாறு 10 செ.மீ. அகலமுள்ள எட்டுப் பகுதிகள் கிடைக்கும். மடிப்பின் தடங்கள் விழுந்தபின், ஒன்று விட்டு ஒன்றை எதிர்ப்புறமாகத் திருப்பினால் விசிறி மடிப்பு அமையும். கரண்டிக் காம்பின் முதுகால் ஒவ்வொரு மடிப்பையும் அழுத்தித் தேய்க்க வேண்டும்.

அட்டைகளுக்கு, பக்கத்தைவிட நான்கு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் பெரிதாகக் கனத்த அட்டைத் துண்டுகள் இரண்டை வெட்ட வேண்டும். வண்ணத்தாளையோ துணியையோ பசை தடவி மேலே போர்த்தி, ஓரங்களை உட்புறமாக மடித்து ஒட்ட வேண்டும். ஈரப்பசை பட்ட தாள் விரியும். உலரும்போது சுருங்கி அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். இதனால் அட்டை வளையக்கூடும். மடிப்பின் முதற்பகுதியையும் கடைசிப் பகுதியையும் அட்டைகளின் உட்புறத்தில் ஒட்டும்போது, அவ்விழுப்பு இருபுறமும் சமமாகும். பின்னர், கனமான நூல்களின் அடியில் ஓர் இரவு முழுவதும் வைத்தால், அட்டை வளையாமல் உலரும். முன்புறத்தில் எட்டும் பின்புறத்தில் ஆறுமாகப் பதினான்கு பக்கங்கள் இவ்வாறு கிடைக்கும். முதற்பகுதியை ஒட்டும் முன்னரே, அதற்கும் அட்டைக்கும் இடையே ஒரு நாடாவைச் செருகி ஒட்டினால், நூலைச் சுற்றிக் கட்டுவதற்கு அது பயன்படும்.

இனி அணி செய்தல். ஓவியமும் வண்ணத்தாள் வெட்டும் எப்பக்கத்திலும் அமையலாம். உலர்ந்த இலை, பூவிதழ், துணித்துண்டு, நூலிழை ஆகியன தடிப்புள்ளவை. அவற்றை அளவோடு பயன்படுத்த வேண்டும். இலையையும் இதழையும் செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்தி, ஈரம் முற்றும் நீங்கிய பின்னரே ஒட்டுதல் வேண்டும். ஈரம் இருப்பின் பூசணம் பிடித்து அடுத்த பக்கத்தையும் கெடுக்கும். தடிப்புள்ள அணிகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காய் அமையாமல், ஒரு பக்கத்தில் மேலும், அடுத்த பக்கத்தில் கீழுமாக இடம் மாறி அமைய வேண்டும். அவ்வாறு செய்தால் புடைப்பு ஓரிடத்தில் குவியாது. மடிப்பிலிருந்து 1 செ.மீ. தொலைவு வரை எதனையும் ஒட்டலாகாது. மடிப்பு மீது பசை பட்டு இறுகினால், அது வளையாமல் முறியும். மணி, கண்ணாடி, சங்கு முதலிய வல்லணிகளுக்கு மேலட்டையே உரிய இடம்.

மடிப்பையே அணியாக்கும் முறையும் ஒன்று உண்டு. இரு பக்கங்கள் கூடும் மடிப்பின் குறுக்கே, இணையாக இரு வெட்டுகள் வெட்டி, இடையில் உள்ள பட்டையை உட்புறமாகத் தள்ளினால், நூலைத் திறக்கும்போது அது படிபோல எழுந்து நிற்கும். அதன் மீது ஓர் உருவத்தை ஒட்டினால், பக்கம் திறந்தவுடன் உருவமும் எழும். இங்கும் ஓர் அளவு உண்டு. மடிப்பிலிருந்து வெட்டின் நீளம், பக்க அகலத்தில் பாதிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும். 10 செ.மீ. பக்கத்தில் வெட்டு 4 செ.மீ. ஆனால், நூலை மூடும்போது அப்பட்டை மடிப்பிலிருந்து 8 செ.மீ. வரை உள்ளே சென்று மறைந்து நிற்கும். வெட்டு 6 செ.மீ. ஆனால், பட்டை 12 செ.மீ. வரை நீண்டு, நூலுக்கு வெளியே தலை நீட்டும்.

இவ்வாறு அமைத்த நூலில் எதனை எழுதுவது? ஊரில் உள்ள மரங்களின் இலைகளையும் பெயர்களையும் தொகுக்கலாம். பாட்டனார் சொன்ன கதையை ஓவியத்தோடு எழுதலாம். ஆற்றின் போக்கை, அது தோன்றும் மலை முதல் கடலைச் சேரும் துறை வரை, ஒரே நீண்ட படமாக வரையலாம். மடிப்பு நூலுக்கு அதனினும் பொருத்தமான பொருள் அரிது. எழுதுவதற்குப் பொருள் இல்லாத நூலில் எத்துணை அணி செய்தாலும், அஃது ஆளில்லாத வீட்டிற்குத் தோரணம் கட்டியது போலாகும்.

அழகு என்பது மிகுதியில் இல்லை, பொருத்தத்தில் இருக்கிறது. பொன்னையும் கண்ணாடியையும் தாராளமாகக் கையாண்ட சயாமியரும் பர்மியரும், அவற்றை எங்கே வைக்க வேண்டும் என்பதை நன்கு அறிந்திருந்தனர். திறந்தால் விரிந்து, மூடினால் அடங்கி, மீண்டும் திறந்தால் முன்போலவே விரியும் நூலே நன்கு அணி செய்யப்பட்ட நூல். தான் அமர்ந்த பொருளின் பயனைக் கெடுக்காமல், அப்பயனுக்குத் துணை நிற்பதே சிறந்த அணியாகும்.